சாவியைக் கொடுத்த பெரியவர்

பாடியில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமையும் ஷாப்பில் போய் நின்றால்தான் எனக்கு நிம்மதி. பையன்கள் ஒரு டூல் மாற்றக்கூட என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பெருமையாகத்தான் இருந்தது, போன வருஷம் பத்து நாள் காய்ச்சலில் படுக்கும் வரை. லைன் ஆடிப்போச்சு.

அப்போதுதான் டி.வி. சுந்தரம் ஐயங்காரை நினைத்துக்கொண்டேன். 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். ரயில்வேயிலும் வங்கியிலும் பார்த்த வேலையை உதறிவிட்டு 1911-ல் சொந்தத் தொழிலில் இறங்கினார். பஸ் விட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, வாயுவில் வண்டி ஓட்டும் கருவியையே அவர் நிறுவனம் தயாரித்தது. அப்படி உழைத்த மனுஷர், தம் காலத்திலேயே பொறுப்பைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பிள்ளைகளுக்குத்தானே கொடுத்தார் என்பீர்கள். எந்த அப்பாவையாவது கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கஷ்டம் என்று!

1955-ல் கொடைக்கானலில் காலமானார். வீல்ஸ் இந்தியா 1960-ல் வந்தது, லூகாஸ் டி.வி.எஸ். 1961-ல். நம் பாடிக்குப் பேர் வாங்கித் தந்த இந்த இரண்டையும் அவர் பார்க்கவில்லை, பிள்ளைகள் கட்டினார்கள்.

போன மாதம் ஷாப் சாவியை என் ஜூனியரிடம் கொடுத்தேன். அந்த ஞாயிறு இரண்டு தடவை அவனுக்கு போன் பண்ணினேன். மூன்றாம் தடவை அவன் எடுக்கவில்லை. லைன் ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.