ராஜினி திராணகம: கேட்டு எழுதிய டாக்டர்

மறைந்த பிரபலம் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார் மலர்க்குழு அண்ணன். காந்தியும் காமராஜரும் போன மலர்களிலேயே வந்துவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது 35 வயதில் கொல்லப்பட்ட ஒரு டாக்டரை. எனக்கும் இப்போ அதே வயசு.

தாம்பரத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் யாழ்ப்பாணம் சுமார் 360 கிலோமீட்டர்தான். ராஜினி அங்கே 1954-ல் பிறந்தார். கொழும்பில் மருத்துவம் படித்தார், சிங்களரான தயாபாலவை மணந்தார், இரண்டு பெண் குழந்தைகள். லிவர்பூலில் உடற்கூற்றியலில் டாக்டர் பட்டம். ஒரு காலத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர், பிறகு விலகினார். இங்கிலாந்திலேயே தங்கியிருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வந்து பாடம் நடத்தினார்.

1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. தீபாவளியன்று யாழ் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது நம்ம நாட்டு ராணுவம். இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

செத்தவர்களை எண்ணப் பலர் இருந்தார்கள். ராஜினி உயிரோடு மிஞ்சிய பெண்களிடம் போனார். புருஷனைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார்கள், சிப்பாய்களால் பலாத்காரம் செய்யப்பட்டு ஊர்ப்பேச்சுக்குப் பயந்து வாயே திறக்காதவர்கள். உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார். வன்முறைக்குப் பின் மனசில் தங்கிவிடும் இந்த அதிர்ச்சிக்கு அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் தனிப் பெயர் கொடுத்ததே 1980-ல்தான். யாழ்ப்பாணத்திலோ துப்பாக்கிச் சத்தம் ஓயாமல், கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் ஒரே பயம்.

பூரணி இல்லம் என்று பெண்களுக்கு ஒரு புகலிடம் அமைப்பதிலும் அவர் முன்னே நின்றார். 1988-ல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். அடித்தவன் யாராக இருந்தாலும், இந்திய ராணுவமோ இலங்கை ராணுவமோ நம்ம பையன்களோ, அப்படியே எழுத வேண்டும் என்பதில் பிடிவாதம். நான் படித்தது பௌதிகம், பிழைப்பு மென்பொருள். அளவு பிடிக்காவிட்டாலும் அளந்ததைத்தான் எழுத வேண்டும் என்று லேபில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் பழக்கத்தை உயிரைப் பணயம் வைத்துக் கடைப்பிடித்தவர் இவர்.

1989 செப்டம்பர் 21, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுவிட்டார்கள். செய்தது புலிகள் என்றே அவருடைய தோழர்கள் சொல்லி வருகிறார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை.

ராஜன் ஹூல், கே. ஸ்ரீதரன், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் ஆகியோரோடு அவர் எழுதிய ‘முறிந்த பனை’ 1990-ல் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது. போர் மனசுக்குச் செய்ததைப் பற்றி தயா சோமசுந்தரம் 1998-ல் தனியாகவே ஒரு புத்தகம் எழுதினார்.