டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

மேட்டூர்ப் பக்கமிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. அங்கே வயிறு வலித்தால் முதலில் ஓமத் தண்ணீர். அடங்காவிட்டால் சுவாமிக்கு நேர்த்திக்கடன். அதற்கும் பிறகே வைத்தியர். இப்படி ஓராண்டைப் போக்கிவிட்டு மைசூருக்கு வந்து சேர்ந்தார் எங்கள் உறவினர் ஒருவர். இரைப்பையில் புற்று, காலமோ கடந்துவிட்டது. அந்தத் துயரில்தான், இதே துயரைத் தம் வீட்டில் கண்ட ஓர் அம்மையாரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதை நண்பர்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் படிப்பதையே ஊர் பழித்த காலம் அது. ஆண்களே பயின்ற மன்னர் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆதரவால் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் டாக்டராக வெளிவந்தார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1923இல் இடி விழுந்தது. உடன்பிறந்த தங்கை மலக்குடல் புற்றுநோயால் மாண்டார். தமக்கை மருத்துவர்; இருந்தும் என் செய்ய முடிந்தது? அந்த ஆற்றாமை அவரை விட்டு அகலவே இல்லை.

பின்னர்ச் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் அமர்ந்தார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் கண்டார். காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930இல், பதவியைத் துறந்தார். இத்தனைக்கும் நடுவே தங்கையை அவர் மறக்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா மேடையில், புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18 அன்று அடையாற்றில் அந்த மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று இருந்தவை பன்னிரண்டே படுக்கைகள்! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர்.

தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்போர் உண்டு. இரைப்பைப் புற்றில் கொடிய வகை ஒன்றைப் பாருங்கள். அது கட்டியாகப் புடைக்காமல், உட்சவ்வின் அடியில் சுவரோடு சுவராகப் பரவுகிறது. இரைப்பை தடித்து, விறைத்து, தோற்பை போலாகிறது. பேரியம் குடிக்கச் செய்து எக்ஸ்ரே எடுத்தால், உணவுக்கு விரிய வேண்டிய பை விரியாமல் குறுகித் தெரியும், சி.டி. படத்தில் சுவரின் தடிப்புத் தெரியும். ஆனால் குழாய் விட்டு மேற்சவ்வைக் கிள்ளிச் சோதித்தால் புற்றே இல்லை என்று முடிவு வரலாம். ஆழமாக எடுத்தால்தான் அகப்படும். நுண்ணோக்கியில், சளிப்பொருள் நிறைந்த உயிரணுவின் உட்கரு ஓரமாக ஒதுங்கி, முத்திரை மோதிரம் போலக் காட்சி தரும். படம் பார்ப்பவரும் திசு பார்ப்பவரும் அறுவை செய்பவரும் கூடி ஆராய்ந்தாலன்றி இத்தகைய நோய் எளிதில் பிடிபடுமா? அவ்வாறு கூடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அத்தகைய இடத்தைத்தான் அம்மையார் அடையாற்றில் அமைத்துத் தந்தார்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22 அன்று மறைந்தார். தங்கையின் சாவை விதி என்று அவர் விட்டுவிடவில்லை. முப்பது ஆண்டு பாடுபட்டு, பிறர் வீட்டுத் தங்கையருக்கு வழி செய்தார்.

நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒன்று செய்யுங்கள். நாட்பட்ட வயிற்று வலி, காரணமின்றி உடல் மெலிதல், சிறிது உண்டதுமே வயிறு நிறைதல், கறுத்த மலம் — இவை யாருக்கேனும் உண்டா என்று வீட்டாரைக் கேளுங்கள். நேர்த்திக்கடன் இருக்கட்டும், மருத்துவரிடம் போவது மட்டும் தள்ளிப்போக வேண்டாம். அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.