ஆல்பிரெக்ட் டியூரரின் யாத்திரை வருஷம்

புகழ் வருமளவும் ஊக்கத்தோடு கற்று, புகழ் வந்தபின் கற்பதை நிறுத்திவிடுதல் தொழில்வல்லார் பலரிடத்தும் காணப்படும் குறையாகும். கைத்தொழிலையே முன்னோர் வைத்த தனமாகக் கொண்ட நம் இல்லத்தார்க்கு இக்குறையின் தீங்கை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அறிவுரையைக் காட்டிலும் ஒருவர் வாழ்ந்து காட்டிய வழியே மனத்தில் ஆழப் பதியுமாதலின், பொற்கொல்லர் மனையிலே பிறந்து, ஐரோப்பா முழுவதும் பெயர் விளங்கிய சித்திரக்காரராய் வாழ்ந்த ஆல்பிரெக்ட் டியூரர் என்பாரின் சரித்திரத்தில், அவர் யாத்திரையிற் கழித்த ஒரு வருஷத்தை இங்கே சிறிது விரித்துக் கூறப் புகுகின்றோம்.

டியூரர் 1471-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி ஜெர்மனி தேசத்து நூரம்பெர்க் நகரில் பிறந்தார். அவர் தந்தையார் ஹங்கேரி நாட்டிலிருந்து 1455-ல் அந்நகருக்கு வந்து குடியேறிய பொற்கொல்லர். பதினெட்டு மக்களைப் பெற்றுப் பெரும்பாலோரை இளமையிலேயே இழந்தவர். மகன் தந்தையின் பட்டறையிலேயே உலையும் சிற்றுளியும் பழகினான். ஆனால் அவன் மனம் சித்திரத்திலே சென்றது. பதின்மூன்றாம் வயதில், கண்ணாடியிற் கண்ட தன் முகத்தை வெள்ளி முனை எழுத்தாணியால் அவன் வரைந்த படம் இன்றும் இருக்கின்றது. பொன் வேலையிற் பயின்ற காலமெல்லாம் வீணாயிற்றே என்று தந்தையார் வருந்தினாராயினும், மகனைத் தடுத்திலர். 1486-ல் வோல்கெமூட் என்னும் ஓவியரிடத்தில் அவனை மாணாக்கனாகச் சேர்ப்பித்தார். அத்தந்தையின் பெருந்தன்மையை நம் பெற்றோர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நலம்.

பட்டறையிற் கற்றது வீண்போகவில்லை. செப்புத் தகட்டிற் சிற்றுளியாற் கோடு கீறி, மை பூசிக் காகிதத்தில் ஒற்றி எடுக்கும் அச்சுச் சித்திரத்தில் டியூரருக்கு நிகராவார் அக்காலத்தில் ஒருவருமிலர். மரக்கட்டையிலும் அவர் படங்கள் செதுக்கப்பட்டு எங்கும் பரவின. அவற்றுள் ஒன்று நம் தேசத்தோடு தொடர்புடையது. கூர்ஜர தேசத்து சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515-ல் கப்பலேறி லிஸ்பன் நகரம் சேர்ந்தது. அதனைக் கண்டோர் அனுப்பிய குறிப்பையும் சிறு படத்தையும் கொண்டே டியூரர் அம்மிருகத்தை வரைந்தார். தாம் நேரிற் காணாமையால் அதன் உடலிற் கவசத் தகடுகளையும், முதுகில் இல்லாத ஒரு சிறு கொம்பையும் சேர்த்துவிட்டார். கண்ணாற் காண்பதற்கும் காதாற் கேட்பதற்கும் உள்ள வேற்றுமைக்கு அப்படமே சாட்சி.

இனி யாத்திரைக்கு வருவோம். மாக்ஸிமிலியன் சக்கரவர்த்தி 1515 முதல் டியூரருக்கு வருஷம் நூறு புளோரின் பொற்காசு மானியமாக விதித்திருந்தார். 1519-ம் வருஷம் ஜனவரி மாதம் அவர் காலஞ்சென்றார். புதிய சக்கரவர்த்தியின் உத்தரவின்றி அப்பணத்தைக் கொடுக்க நூரம்பெர்க் நகர சபையார் இசைந்திலர். ஆகவே, புதிய சக்கரவர்த்தியாகிய ஐந்தாம் சார்லஸைக் கண்டு மானியத்தை உறுதி செய்துகொள்ளும்பொருட்டு, 1520-ம் வருஷம் ஜூலை மாதம் 12-ந் தேதி, மனைவி ஆக்னஸ் அம்மையாரோடும் ஒரு பணிப்பெண்ணோடும் டியூரர் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. விற்பதற்கும் பரிசளிப்பதற்குமாகத் தம் அச்சுப் படங்களை உடன் கொண்டு சென்றார். மைன், ரைன் என்னும் நதிகளின் வழியே சென்று, இன்று பெல்ஜியம் எனப்படும் நாட்டிலுள்ள ஆண்ட்வெர்ப் துறைமுகத்தை ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் அடைந்தார்.

வழிநெடுக அவர் ஒரு கணக்குப் புத்தகம் எழுதிவந்தார். அவர் கையெழுத்துப் பிரதி மறைந்துபோயிற்று. பிரதி செய்யப்பட்டவை எஞ்சியுள்ளன. படகுக் கூலி, சாப்பாட்டுச் செலவு, சூதில் இழந்த சில்லறை, விற்ற படம், இனாமாகக் கொடுத்த படம் ஆகிய யாவும் அதிற் காணப்படுகின்றன. அம்மையாரும் பணிப்பெண்ணும் விடுதியின் மேல்மாடியிலே தாமே சமைத்து உண்டனர் என்பதும் அதனால் விளங்குகின்றது. ஒரு குடும்பஸ்தர் தம் வரவு செலவை மறைக்காமல் எழுதிய ஏடு அது. ஆயினும் அவ்வேட்டின் நடுநடுவே ஒரு கலைஞரின் கண் விழித்துப் பார்க்கின்றது.

ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தார் ஆகஸ்டு 5-ந் தேதி அவருக்கு விருந்தளித்தனர். வெள்ளிப் பாத்திரங்களில் உணவு பரிமாறி, அவர் உள்ளே வந்தபோது பெரியதோர் பிரபுவிற்குச் செய்வதுபோல இருமருங்கும் எழுந்து நின்று மரியாதை செய்தனர். அங்கிருந்த போர்ச்சுகல் வர்த்தகப் பிரதிநிதிகள் அவருக்குத் தேங்காய்களையும், கிளியையும், பவளத்தையும், கோழிக்கோட்டுச் சரக்கென்று வழங்கிய துணிகளையும் அன்பளிப்பாகக் கொடுத்தனர். நம் மேற்குக் கடற்கரைத் துறைமுகத்தின் பெயர் அவ்வோவியரின் கணக்கேட்டில் ஏறியிருப்பதைக் காணுங்கால் நமக்கு ஒருவகை மகிழ்ச்சி உண்டாகின்றது.

ஆகஸ்டு மாத இறுதியில் பிரஸ்ஸல்ஸ் நகரத்திற் கண்ட காட்சியே அவர் உள்ளத்தை முற்றும் கவர்ந்தது. கடலுக்கு அப்பாலுள்ள மெக்ஸிகோ தேசத்திலிருந்து சக்கரவர்த்திக்கு வந்த பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. இரு கைகளையும் விரித்த அகலமுள்ள பொன்னாலாகிய சூரியன் ஒன்று. அதே அளவில் வெள்ளியாலாகிய சந்திரன் ஒன்று. ஆயுதங்களும் கவசங்களும் ஆடைகளும் பல. மற்றவர் அவற்றின் எடையையும் விலையையும் கண்டு வியந்திருக்கலாம். டியூரரும் அவை நூறாயிரம் புளோரின் பெறும் என்று குறித்தார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. தம் வாழ்நாளில் இவைபோல உள்ளத்தை மகிழ்வித்த பொருள் வேறில்லை என்றும், அயல்நாட்டு மக்களின் நுண்ணறிவைக் கண்டு அதிசயித்ததாகவும் எழுதிவைத்தார். அம்மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று பலர் இகழ்ந்த காலத்தில், ஒரு பொற்கொல்லர் மகன் அவர்களைத் தம்மினும் குறையாத கம்மியராகக் கண்டார். அந்தப் பொற்சூரியன் இன்று இல்லை. அதனைப் போற்றிய எழுத்து இருக்கின்றது.

அக்டோபர் மாதம் ஆக்கன் நகரில் நடந்த முடிசூட்டு விழாவைக் கண்டு, நவம்பரில் கொலோன் நகரில் மானிய உத்தரவையும் பெற்றுவிட்டார். வந்த காரியம் முடிந்தது. எனினும் அவர் ஊர் திரும்பவில்லை. மேலும் பல மாதம் தங்கி வரைந்துகொண்டே இருந்தார். சிறு புத்தகமொன்றில் வெள்ளி முனை எழுத்தாணியால் மாந்தர் முகங்களையும், கட்டடங்களையும், சிங்கங்களையும் தீட்டினார். வெள்ளி முனையாற் போட்ட கோட்டை எளிதில் அழிக்கவியலாது. கை தவறாமை வேண்டும். நாள்தோறும் பழகிய கைக்கே அது வாய்க்கும். கத்தரீனா என்னும் இருபது வயதுக் கறுப்பினப் பணிப்பெண்ணை அவர் தாழ்வு தோன்றாமல் வரைந்த படம் இன்றும் காண்போர் நெஞ்சை உருக்குகின்றது. தொண்ணூற்றுமூன்று வயதுக் கிழவர் ஒருவரைப் பார்த்து வரைந்து, அம்முகத்தையே ஜெரோம் என்னும் முனிவரின் ஓவியத்திற்கு 1521-ல் பயன்படுத்திக்கொண்டார்.

காணும் ஆசை அவருக்குத் தீங்கையும் விளைத்தது. ஜீலந்து தீவுகளில் பெரிய திமிங்கிலம் ஒன்று கரையொதுங்கியதென்று கேட்டு, டிசம்பர் மாதக் குளிரில் அதைக் காணச் சென்றார். ஒரு துறையில் யாவரும் இறங்கிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்து, காற்று கப்பலைக் கடலுக்குள் தள்ளிற்று. கப்பலில் எஞ்சியவர் டியூரரும், நண்பர் ஒருவரும், இரண்டு கிழவிகளும், ஒரு சிறுவனும், கலக்கமுற்ற மாலுமித் தலைவனுமே. டியூரர் அவனுக்குத் தைரியஞ் சொல்ல, சிறு பாயை விரித்து ஒருவாறு கரை சேர்ந்தனர். ஆனால் திமிங்கிலத்தையோ அலை முன்னரே கொண்டுபோய்விட்டது. அப்பக்கத்தில் அவரைப் பற்றியதாகக் கருதப்படும் காய்ச்சல் அவர் ஆயுள் முழுவதும் விட்டுவிட்டு வருத்திற்று.

1521-ம் வருஷம் ஜூன் மாதம் மெகெலென் நகரில், சக்கரவர்த்தியின் அத்தையாகிய மார்கரெட் அரசியைக் கண்டார். முன்னமே தம் அச்சுப் படங்களை அவ்வரசிக்குக் காணிக்கையாக்கியிருந்தார். இப்போது மாக்ஸிமிலியன் உருவப்படத்தையும் நீட்ட, அரசி அதை விரும்பிலர். டியூரர் வேண்டியது ஒன்றே: யாக்கொப்போ என்னும் இத்தாலிய ஓவியரின் சிறு புத்தகம். மனித உடலின் அளவு முறையை அந்த யாக்கொப்போ, டியூரர் இளைஞராயிருந்தபோது தெளிவாகச் சொல்லாமல் மறைத்துவிட்டார். அதனை அறியும் வேட்கை இருபது வருஷமாக டியூரரை விட்டகலவில்லை. புத்தகத்தைத் தம் ஓவியருக்கு வாக்களித்துவிட்டதாக அரசி கூறிவிட்டார். வெறுங்கையோடு திரும்பிய டியூரர், சக்கரவர்த்தியின் படத்தை ஒரு வெள்ளைத் துணிக்கு மாற்றிக்கொண்டார். இந்நாட்டில் செய்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றிலும் தமக்கு நஷ்டமே என்று கணக்கேட்டில் எழுதினார். ஆண்டுக்கு முந்நூறு பொற்காசும் வீடும் தருவதாக ஆண்ட்வெர்ப் நகரத்தார் அழைத்தபோதும் ஏற்காமல், அக்கோடையிலேயே தாய்நகர் திரும்பினார்.

நஷ்டம் என்று அவர் எழுதியது பணத்தின் கணக்கு. மற்றக் கணக்கு பின்னரே தெரிந்தது. நோயுற்ற உடலோடு எஞ்சிய ஏழு வருஷத்தில், அளவுகோலையும் கவராயத்தையும் கையாளும் முறைபற்றி 1525-ல் ஒரு நூல் வெளியிட்டார். ஓவியர்க்கன்றிப் பொற்கொல்லர், சிற்பியர், கல்தச்சர், மரத்தச்சர் ஆகியோர்க்கும் இது பயன்படுமென்று முகவுரையிற் குறித்தார். தந்தையின் பட்டறையை அவர் மறந்திலர். மனித உடலின் அளவுபற்றிய நூலையும் எழுதி முடித்தார். 1528-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 6-ந் தேதி அவர் உயிர் நீங்கிற்று. சில மாதங்களில் அந்நூல் அச்சாகி வெளிவந்தது. ஒருவர் தமக்கு மறைத்ததை, அவர் யாவர்க்கும் திறந்து வைத்துச் சென்றார்.

நேயர்களே! வித்தையை மகனுக்கும் முழுதுஞ் சொல்லாமல் மடிந்த கைகள் நம் மரபில் எத்தனை! அவற்றோடு அழிந்த நுட்பங்கள் எத்தனை! நாற்பத்தொன்பதாம் வயதில் மாணாக்கனாகப் புறப்பட்டவரை நாம் போற்றினாற் போதாது. இன்று மாலையே பட்டறையில் நமதருகே அமரும் சிறுவனுக்கு, நாம் அறிந்த ஒரு நுட்பத்தையேனும் ஒளியாமற் கற்பிப்போமாக.