ஊமைத்துரை: போர்க்களத்தில் சாகக் கிடந்தவரைக் காப்பாற்றியது யார்?

சீசனுக்குக் குற்றாலம் போறவங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? 1798-ல் கலெக்டர் ஜாக்சனைப் பார்க்க வீரபாண்டிய கட்டபொம்மன் இங்கேயும் வந்தார். ஜாக்சன் பார்க்க மறுத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே கதைதான். 23 நாள், சுமார் 400 மைல் அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில்தான் சந்தித்தார். அங்கே மூண்ட பகை, 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறு தூக்கில் கட்டபொம்மன் உயிரைப் பறித்தது.

அண்ணன் கதை சினிமா வரை போயிடுச்சு. தம்பி குமாரசாமியின் கதை அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கிறது. பேச்சு சரியாக வராது என்பதால் அவர் ஊமைத்துரை. சைகையிலேயே படையை நடத்தியவர். 1801 பிப்ரவரி 2-ல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கம்பெனிப் படை இடித்துத் தள்ளியிருந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்தது. வெறும் மண் கோட்டைதான். ஆனாலும் மார்ச் 31-ல் நடந்த தாக்குதலைத் தாங்கியது. கர்னல் அக்னியூ பெரிய படையோடு வந்த பிறகே, மே 24-ல் வீழ்ந்தது.

தப்பியோடியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. ஊமைத்துரையும் காயத்தோடு சரிந்தார். அடுத்து நடந்ததை எழுதி வைத்திருப்பவர், எதிர்ப்படையில் இருந்த அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ். பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் ஊசலாடிய நிலையில் அவனைக் கண்டுபிடிக்கிறாள். தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடக்கும் துரையைக் காப்பாற்றச் சொல்கிறான் மகன். அவளும் அப்படியே செய்கிறாள்! வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்கும்போது எட்டயபுரம் ஆட்கள் தேடி வருகிறார்கள். துரையைத் துணியால் மூடி, பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். அம்மை கண்டு செத்த பிள்ளை என்றதும், வந்தவர்கள் அலறிக்கொண்டு ஓட்டம்.

அடிபட்ட வீரனும் மருந்திடும் பெண்ணும் ஐரோப்பியச் செப்புத்தகட்டு ஓவியர்களுக்குப் பிடித்த காட்சி. இத்தாலியக் கவிஞர் தாசோவின் காவியத்தில் எர்மீனியா தன் கூந்தலை அறுத்து, காதலிக்கும் வீரனின் காயத்தைக் கட்டுவாள். நம்ம ஊர் கதையில் காதல் இல்ல. அந்தத் தாய் விட்டுவந்தது சொந்தப் பிள்ளையை. 1830-ல் லண்டனில் வெளியான வெல்ஷின் நூலில் அவள் பெயர்கூட இல்லை.

குணமான ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி போரிட்டார். மருதிருவரும் அக்டோபர் 24-ல் தூக்கிலிடப்பட்டார்கள். ஊமைத்துரைக்கு நவம்பர் 16-ல், அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கு. அந்தத் தாய் மீட்டுக் கொடுத்தது ஆறு மாதத்துக்கும் குறைவான ஆயுள்.