பள்ளிக்கே ஈந்த பொருள்

1898 நவம்பர் 13, காளிபூஜை நன்னாள். கல்கத்தா பாக்பஜாரில் சகோதரி நிவேதிதையின் பெண்கள் பள்ளியை அன்னை ஸ்ரீசாரதாதேவியார் ஆசீர்வதித்துத் தொடங்கி வைத்தார். பெண்களைப் பள்ளிக்கு அனுப்பவே பெற்றோர் தயங்கிய காலம் அது. கட்டணத்தை நம்பிப் பள்ளி நடத்த இயலாது. நன்கொடையே ஆதாரம். அதுவும் போதாமல் மறு ஆண்டே பள்ளி மூடப்பட்டது.

நிவேதிதை மனம் தளரவில்லை. மேலைநாடு சென்று, அமெரிக்க நகரங்களில் சொற்பொழிவாற்றி நிதி திரட்டினார். 1902-இல் பள்ளி மீண்டும் திறந்தது. சாரா புல் அம்மையார் பொருளுதவி புரிந்தார். எழுத்தால் தமக்குக் கிட்டிய வருவாயையும் நிவேதிதை பள்ளிக்கே ஈந்து, தாம் எளிமையாக வாழ்ந்தார்.

1911 அக்டோபர் 13 அன்று டார்ஜிலிங்கில் உடல் நீத்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு எழுதிய உயிலில் தம் உடைமை அனைத்தையும் பேலூர் மட அறங்காவலரிடம் நிலைநிதியாக ஒப்படைத்தார். அதன் வட்டி பெண்கல்விக்கே உரியது. நிதியின்றி ஒருமுறை மூடிய அப்பள்ளி இன்றும் அவர் பெயரால் நடைபெறுகிறது.