கலாயோகி கண்ட பாக்குவெட்டி

ஆனந்த குமாரசுவாமி என்றதும், நடராசர் திருவுருவின் தத்துவத்தை மேனாட்டாருக்கு விளக்கிய பேரறிஞரே நம் நினைவுக்கு வருகிறார். அப்பெரியார் பாக்குவெட்டியையும் சுண்ணாம்புச் சிமிழையும் அதே அன்போடு நோக்கியவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1877ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆந் திகதி அவர் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி. தாயார் எலிசபெத் என்னும் ஆங்கில மாது. இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். இங்கிலாந்திலே வளர்ந்து, இலண்டனில் தாவரவியலும் நிலநூலும் கற்றார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தவர் அவரே.

கல்லைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றவர், கண்டி நாட்டுக் கைவினைஞரைக் கண்டார். இறக்குமதிச் சாமான்கள் மலிய, பட்டறைகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்துகொண்டிருந்தன. பூட்டு, சீப்பு, பானை, பாய் என அவர்கள் செய்தவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். துணைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்துதவினார். அச்சிட்டவை 425 பிரதிகளே.

கனிப்பொருளை ஆராய்பவன் அதன் நிறத்தையும் கோணத்தையும் உள்ளபடியே குறிப்பான். கூட்டவுங் குறைக்கவும் அவனுக்கு உரிமையில்லை. அந்த நேர்மையே இந்நூலின் கோட்டுப்படங்களிலும் விளங்குகிறது. பாக்குவெட்டியை உள்ளபடி வரைந்ததனாலன்றோ அதன் பிடியின் வளைவு கைக்கு இசைந்திருப்பது புலனாகின்றது? அவ்வழகு வரைந்தவன் பூசியதன்று. கொல்லன் முன்னரே அமைத்துவைத்தது. வரைபவன் செய்வது அதை மறைக்காமலிருப்பதே.

1917இல் அமெரிக்கா சென்று, பொஸ்ரன் நுண்கலை அரும்பொருட்சாலையிலே முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். எழுபதாவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களின் பின், 1947 செப்ரெம்பர் 9ஆந் திகதி அமரரானார்.

பாடசாலைச் சித்திர வகுப்பிலே நான் கண்ணாடிச் சாடியும் அப்பிள் பழமும் பலமுறை வரைந்தேன். வீட்டு மூலையிலிருந்த சுளகை வரைய ஒருநாளும் எண்ணினேனில்லை. அது வரையத் தகுந்த பொருளென்று எவரும் சொல்லவுமில்லை, நானாக உணரவுமில்லை. இன்று அவ்விடத்தில் பிளாஸ்ரிக் தட்டு இருக்கிறது.

அன்புள்ள இளைஞர்களே! வாவிக்கரையிற் கிடக்கும் கரப்பு, பாட்டியின் வெற்றிலை வட்டா, படுவான்கரைப் பன்பாய் ஆகியன இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒரு பென்சிலும் தாளும் எடுத்து அவற்றின் முன் அரைமணி நேரம் அமருங்கள். கண்டதைக் கண்டபடி வரையுங்கள். கலாயோகிக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவேயாகும்.