வானத்தின் நீலத்தை அளந்தவர்

வானம் என்ன நிறம் என்று கேட்டால், நீலம் என்று உடனே பதில் சொல்லிவிடுவீர்கள். எவ்வளவு நீலம் என்று கேட்டால்? கொஞ்சம் விழிப்பீர்கள் அல்லவா? இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு, அளந்தும் பார்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஹோரேஸ் பெனடிக்ட் டி சசூர். அளப்பதற்காக அவர் ஏறிப்போன இடம், ஆல்ப்ஸ் மலைத்தொடரிலேயே மிக உயரமான மாண்ட் பிளாங்க் சிகரம். அந்த உச்சியில் கால் வைக்க அவர் 27 ஆண்டுகள் காத்திருந்தார்!

அடிவாரத்துச் சிறுவன்

1740-ம் ஆண்டு பிப்ரவரி 17 அன்று ஜெனீவா நகரை ஒட்டிய கோன்ஷ் என்ற ஊரில் சசூர் பிறந்தார். ஜெனீவா இன்று சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. அன்று அது ஒரு தனிக் குட்டிக் குடியரசு. ஊருக்கு ஒரு பக்கம் ஜூரா மலைகள். இன்னொரு பக்கம் சலேவ் என்ற மலை. வானம் தெளிவாக இருக்கும் நாட்களில், இவற்றுக்கெல்லாம் அப்பால் வெகுதொலைவில் வெள்ளை வெளேரென்று மாண்ட் பிளாங்க் தெரியும்.

சசூரின் அப்பா விவசாயத்தைப் பற்றி நூல்கள் எழுதியவர். அம்மாவின் சகோதரியை மணந்த சார்லஸ் பானெட், பூச்சிகளையும் இலைகளையும் ஆராய்ந்த பெரிய அறிஞர். இப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்த சிறுவன் சும்மா இருப்பானா? சமயம் கிடைத்தபோதெல்லாம் மலைப்பக்கம் கிளம்பிவிடுவான். சுமார் 1,380 மீட்டர் உயரமுள்ள சலேவ் மலையில் ஏறுவான். செடிகளைப் பறித்துப் பத்திரப்படுத்துவான். பாறைகளைத் தட்டிப் பார்ப்பான். 18 வயது ஆவதற்குள் ஜெனீவாவைச் சுற்றியிருந்த மலைகளை எல்லாம் பலமுறை சுற்றி வந்துவிட்டான்.

ஆனாலும் மனம் நிறையவில்லை. அடிவாரத்து மலைகளில் நின்று பார்க்கும்போதெல்லாம், அந்த வெள்ளைச் சிகரம் அவனை வாவென்று அழைப்பது போலவே இருந்தது.

ஒரு பரிசு அறிவிப்பு

1760-ம் ஆண்டு. சசூருக்கு 20 வயது. ஹாலர் என்ற விஞ்ஞானிக்காகச் செடிகள் சேகரிக்க, மாண்ட் பிளாங்கின் அடியில் இருக்கும் சாமோனி பள்ளத்தாக்குக்கு நடந்தே போனார். இன்று அது பிரான்ஸ் நாட்டில் இருக்கிறது.

அங்கே பனியாறுகளை முதன்முதலாக அருகில் பார்த்தார். பனியாறு என்றால் தண்ணீர் ஓடும் ஆறு அல்ல. மலைமேல் ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, மிக மெதுவாகக் கீழே நகர்ந்து வரும். அதில் வீடே விழுந்துவிடும் அளவுக்கு ஆழமான பிளவுகள் இருக்கும். அந்தப் பனி மலைகள் சபிக்கப்பட்டவை என்று ஊர் மக்கள் நம்பினார்கள். மாண்ட் பிளாங்குக்குப் பக்கத்துச் சிகரம் ஒன்றுக்குச் சபிக்கப்பட்ட மலை என்ற பொருள் கொண்ட பெயர் இன்றும் வழங்குகிறது.

சசூர் பயப்படவில்லை. மாண்ட் பிளாங்க் உச்சிக்கு வழி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக அந்தப் பகுதி ஊர்களில் அறிவித்தார். முயன்று தோற்றாலும், அந்த நாட்களுக்கு உரிய கூலியைத் தருவதாகவும் சொன்னார்.

பரிசு என்றதும் பலர் கிளம்பினார்கள். ஆனால் புதுப்பனி, மூச்சுத் திணறல், கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து அவர்களைத் திருப்பி அனுப்பின. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. பனிமேல் ஓர் இரவு தங்கினால் செத்துப்போவோம் என்ற பயம்தான் அது. ஒரே பகலில் ஏறி இறங்க முடியாத மலையில் இரவு தங்கவும் பயந்தால் எப்படி ஏறுவது?

முடியும் கண்ணாடிப் பெட்டியும்

காத்திருந்த காலத்தில் சசூர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 22 வயதிலேயே ஜெனீவாவில் பேராசிரியர் ஆனார். விடுமுறை வந்தால் மலைதான். 1779-க்குள் ஆல்ப்ஸ் மலைத்தொடரை எட்டு வெவ்வேறு வழிகளில் 14 முறை கடந்திருந்தார்!

உயரத்தில் சூரியன் பக்கத்தில் இருக்கிறதே, பிறகு ஏன் அங்கே குளிர்கிறது? இந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. மரப்பெட்டிக்குள் கறுப்புத் தக்கைப் பலகை பதித்து, மேலே அடுக்கடுக்காகக் கண்ணாடி வைத்து ஒரு பெட்டி செய்தார். வெயிலில் வைத்தால், தண்ணீர் கொதிக்கும் சூட்டையும் தாண்டி அதன் உட்புறம் சூடேறியது. அதை மலை மேலேயும் தூக்கிப் போனார். வெளியே நல்ல குளிர். ஆனால் பெட்டிக்குள் கீழே இருந்த அளவுக்கே சூடு! அப்படியானால் வெயில் குறையவில்லை. மேலே இருக்கும் மெல்லிய காற்றால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைய சூரிய அடுப்புக்கு அந்தப் பெட்டிதான் முன்னோடி.

இன்னொரு கருவிக்கு அவர் பயன்படுத்தியது, மனிதனின் தலைமுடி! ஈரக்காற்று பட்டால் முடி கொஞ்சம் நீளும். காய்ந்தால் சுருங்கும். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய முடியின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை ஒரு முள்ளோடு இணைத்தார். காற்றில் எவ்வளவு ஈரம் என்று முள் நகர்ந்து காட்டியது. இந்த முடி ஈரமானியைப் பற்றி 1783-ல் நூலும் எழுதினார்.

இவ்வளவு செய்தும் மாண்ட் பிளாங்க் ஆசை மட்டும் விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலித்தது. அந்த ஆசை ஒரு நோய் போலவே ஆகிவிட்டது. அவர் மனைவி ஆல்பர்டினுக்கோ, கணவர் மலைக்குக் கிளம்பினாலே நெஞ்சு படபடக்கும். 1785-ல் சசூர் தானே ஏறிப் பார்த்தார். புதுப்பனி வழி மறித்தது. திரும்பிவிட்டார்.

முந்திக்கொண்ட இருவர்

சாமோனியில் ஜாக் பால்மா என்பவர் இருந்தார். மலையில் படிகக் கற்களைத் தேடி எடுத்து விற்பது அவர் தொழில். 1786 ஜூன் மாதத்தில் அவர் பனிமேல் தன்னந்தனியாக ஓர் இரவைக் கழிக்க நேர்ந்தது. விடிந்ததும் உயிரோடு இறங்கி வந்தார்! பல ஆண்டுப் பயம் அன்றோடு உடைந்தது.

அதே ஊரில் மிஷேல் பக்கார் என்ற மருத்துவரும் இருந்தார். அவர் தொலைநோக்கியால் மலையைப் பார்த்துப் பார்த்து வழியை ஆராய்ந்து வைத்திருந்தார். இருவரும் சேர்ந்து புறப்பட்டு, 1786 ஆகஸ்ட் 8 மாலையில் மாண்ட் பிளாங்க் உச்சியைத் தொட்டார்கள். உலகிலேயே முதன்முறையாக!

26 ஆண்டுகளாக ஏங்கியவருக்கு முன்னால் வேறு இருவர் போய்விட்டார்கள். சசூர் என்ன செய்தார் தெரியுமா? சொன்ன சொல் தவறாமல் பால்மாவுக்குப் பரிசைக் கொடுத்தார். பிறகு தன் கருவிகளைத் தயார் செய்ய ஆரம்பித்தார். முதலில் ஏறும் பெருமை போய்விட்டது. ஆனால் அங்கே அளக்க வேண்டியவற்றை இன்னும் யாரும் அளந்து முடிக்கவில்லையே!

உச்சியில் நான்கரை மணி நேரம்

1787 ஆகஸ்ட் 1. வாரக்கணக்கில் பெய்த மழை ஓய்ந்ததும் 47 வயது சசூர் கிளம்பினார். கூடவே அவருடைய பணியாளரும் 18 வழிகாட்டிகளும். அவர்களில் பால்மாவும் ஒருவர். கூடாரம், ஏணி, விறகு, காற்றழுத்தமானி, வெப்பமானி என்று ஏகப்பட்ட சுமை. பனிப்பிளவுகளை ஏணி போட்டுக் கடந்தார்கள். கண் கூசாமல் இருக்க முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டார்கள்.

இரண்டாம் இரவு பனிமேலேயே கூடாரம் போட்டார்கள். பலசாலிகளான வழிகாட்டிகள் ஐந்தாறு முறை மண்வாரியால் பனியை அள்ளியதுமே மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். அங்கே காற்று அவ்வளவு மெலிது! யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தாகம் மட்டும் வாட்டியது. மறுநாள் கடைசி ஏற்றத்தில் சசூரால் 15, 16 அடிக்கு மேல் நிற்காமல் நடக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 3, காலை 11 மணி. உச்சி! அவர் முதலில் பார்த்தது எதைத் தெரியுமா? கீழே சாமோனியை. அங்கே ஆல்பர்டின் தொலைநோக்கியோடு காத்திருந்தார். கணவர் உச்சியில் நிற்பதைக் கண்டதும் கொடி ஏற்றுவதாக ஏற்பாடு. கொடி பறப்பதைப் பார்த்த பிறகுதான் சசூருக்கு நிம்மதி.

அவர் துள்ளிக் குதிக்கவில்லை. இத்தனை காலம் அலைக்கழித்த மலை என்பதால், கொஞ்சம் கோபத்தோடு பனியைக் காலால் மிதித்தாராம்! பிறகு சுற்றிலும் பார்த்தார். எந்தச் சிகரம் எதோடு சேர்ந்திருக்கிறது என்று வருடக்கணக்காகக் குழம்பியதெல்லாம் ஒரே பார்வையில் விளங்கிவிட்டது.

அடுத்து வேலை. தண்ணீரைக் கொதிக்க வைத்தார். 100 டிகிரிக்குப் பதிலாகச் சுமார் 86 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிட்டது. துப்பாக்கியால் சுட்டுப் பார்த்தார். சின்னப் பட்டாசு வெடித்தது போலத்தான் கேட்டது. கீழே நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் அவருடைய நாடி, நெடுநேரம் ஓய்வெடுத்த பிறகும் அங்கே 100 முறை துடித்தது. சிகரத்தின் உயரம் சுமார் 4,775 மீட்டர் என்று கணக்கிட்டார். இன்றைய அளவு சுமார் 4,806 மீட்டர். எவ்வளவு நெருங்கிவிட்டார் பாருங்கள்!

பிறகு நீல நிறக் காகிதத் துண்டுகளை எடுத்தார். வெளிர்நீலம் முதல் அடர்நீலம் வரை பல சாயல்கள். அதே சாயல்களில் காகிதங்கள் கீழே சாமோனியில் அவர் மகன் தியோடரிடமும், ஜெனீவாவில் ஒரு நண்பரிடமும் இருந்தன. வானத்தோடு ஒப்பிட்டதில், உயரே போகப்போக நீலம் கறுத்துக்கொண்டே போவது தெரிந்தது. நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றுதான் சூரிய ஒளியைச் சிதறடித்து வானத்தை வெளுப்பாக்குகிறது. உயரத்தில் அந்தக் காற்று குறைவு. அதனால் வானம் இருளத் தொடங்குகிறது. பின்னர் இந்தக் காகிதங்களை 50-க்கும் மேற்பட்ட சாயல்களாக ஒரு வட்டத்தில் அடுக்கி, நீலமானி என்ற கருவியாக்கினார். ஹம்போல்ட் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி அதைத் தென் அமெரிக்காவுக்கே எடுத்துச் சென்றார்.

நான்கரை மணி நேரம் ஓடிவிட்டது. மூச்சுத் திணறலால் நினைத்த சோதனைகளை எல்லாம் செய்ய முடியவில்லை. அந்தக் குறையோடுதான் இறங்கினார். எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பினார்கள்.

குறை தீர்ந்தது

சிகரத்தைத் தொட்டாயிற்று, போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1788-ல் மகன் தியோடரோடு, சுமார் 3,360 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜெயான் கணவாயில் போய்த் தங்கினார். புயலுக்கும் இடிக்கும் நடுவே கூடாரத்தில் 17 நாட்கள்! மாண்ட் பிளாங்கில் விட்டுப்போன அளவுகளை அங்கே பொறுமையாக எடுத்தார். தன் பயணங்களை எல்லாம் ஆல்ப்ஸ் பயணங்கள் என்ற நான்கு தொகுதி நூலாக 1779 முதல் 1796 வரை வெளியிட்டார்.

கடைசிக் காலம் கடினமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அவருடைய சொத்து கரைந்தது. 1794-ல் பக்கவாதம் தாக்கியது. ஆனாலும் நூலை முடித்தார். 1799 ஜனவரி 22 அன்று, 58 வயதில் காலமானார்.

1887-ல் சாமோனியில் அவருக்குச் சிலை வைத்தார்கள். பக்கத்தில் நிற்கும் பால்மா, உச்சியைச் சுட்டிக் காட்டுகிறார். முதலில் ஏறிய மருத்துவர் பக்காரை மட்டும் ஊர் மறந்துவிட்டது. அவருக்குச் சிலை வைக்க 1986 வரை ஆனது! 1979-ல் சுவிட்சர்லாந்து வெளியிட்ட 20 பிராங்க் நோட்டில் சசூரின் படம் இருந்தது. இமயமலையில் பூக்கும் பிரம்ம கமலம் தெரியுமா? உத்தராகண்டின் மாநில மலர். அது சேர்ந்த தாவரப் பேரினத்துக்குச் சசூரியா என்று பெயர். செடிகளை ஆராய்ந்த சசூர், அவர் மகன் தியோடர் இருவரின் நினைவாக வைத்த பெயர் அது.

நீங்களும் ஒரு நீலமானி செய்யலாம். ஒரு காகித அட்டையில் பத்துக் கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டம் வெள்ளை. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் நீல வண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காலை, மதியம், மாலை என்று வானத்தோடு ஒப்பிட்டு, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் பார்க்கவே கூடாது. ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால், தினமும் பார்த்த வானத்தில் கவனிக்காமல் விட்டது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்!